100 புள்ளிகள் எடுத்த வில்ட் சேம்பர்லெயின் ஃப்ரீ த்ரோவில் சொதப்பியது ஏன்?

தடுக்க ஆளே இல்லாமல், 15 அடி தூரத்தில் நின்று நிதானமாகப் போடுவதுதான் ஃப்ரீ த்ரோ. ஆனா, கூடைப்பந்து ஜாம்பவான் வில்ட் சேம்பர்லெயினுக்கு அதுதான் பெரிய தலைவலி.

1936-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். உயரம் 7 அடி 1 அங்குலம். என்.பி.ஏ.வில் அவர் போட்ட 11,862 ஃப்ரீ த்ரோக்களில் உள்ளே போனது 6,057 மட்டுமே.

எதிரணி சும்மா விடுமா? ஆட்டம் முடியும் நேரத்தில், பந்து கையில் இல்லாதபோதும் ஃபவுல் செய்யத் துரத்துவார்கள். அவர் தப்பி ஓடுவார்.

பெஞ்சில் உட்கார வைத்திருக்கலாமே?

அதில்தான் நஷ்டம் அதிகம். 1961-62 சீசனில் அவரது சராசரி 50.4 புள்ளிகள். ஆட்டமே 48 நிமிடம்தான். அவர் ஆடியதோ சராசரியாக 48.5 நிமிடம்! கூடுதல் நேரமும் சேர்ந்த கணக்கு இது.

கையில் இருந்த தீர்வு

அந்த சீசனில் இரு கைகளாலும் பந்தைக் கீழிருந்து வீசினார்; 61 சதவீதம் உள்ளே போனது. 1962 மார்ச் 2-ல் 100 புள்ளிகள் எடுத்த ஆட்டத்தில் 32-க்கு 28! ஆனா, பார்க்க அசிங்கமா இருக்குன்னு நினைத்து அதைக் கைவிட்டார். 1967-68-ல் 38 சதவீதமாகச் சரிந்தது.

1999-ல் அவர் மறைந்தார். கடைசி 2 நிமிடங்களில் பந்து இல்லாதவரை ஃபவுல் செய்தால், ஃப்ரீ த்ரோவோடு பந்தும் அவர் அணிக்கே என்பது இன்றைய விதி. அதற்கு முந்தைய நிமிடங்களில், வெளியே எடுப்பதா வேண்டாமா என்ற தலைவலி பயிற்சியாளர்களுக்கு இன்னும் தீரவில்லை.