பெட்டிக்குள் பூட்டிய பொய்!



எமிலி ஜோலாவை அறிவோம். பேனாவைத் தவிர வேறு படையின்றிப் பிரெஞ்சு இராணுவத்தின் ஆணவத்தை எதிர்த்து நின்ற எழுத்தாளர். டிரைபசை அறிவோம்; செய்யாத குற்றத்துக்காகத் தீவுச் சிறையில் வாடிய படை அதிகாரி. இந்த இருவரோடும் சேர்த்து எண்ண வேண்டிய மூன்றாமவர் ஒருவர் உண்டு. எழுத்தாளரல்லர், மேடைப் பேச்சாளரல்லர். இராணுவ உளவுத் துறையின் தலைவர்! பெயர், ஜார்ஜ் பிக்கார்.

1854-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்தார். அவர் சிறுவனாயிருந்தபோது போர் மூண்டது. 1871-இல் அந்நகரை ஜெர்மனி பறித்துக்கொண்டது. மண்ணை இழந்த மைந்தன் படையிற் சேர்ந்தார். அல்ஜீரியாவில் பணி, டோங்கினில் பணி, பிறகு போர்க் கல்லூரியில் ஆசிரியர். அங்கே அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர்தான் டிரைபஸ்.

தோற்ற நாடு ஒற்றர்களை வைத்தது. தவறா? தவறில்லை! எதிரியிடம் பீரங்கி எத்தனை என்று அறியாத நாடு, கண்ணைக் கட்டிக்கொண்டு களம் புகும் நாடு. போர் அமைச்சகத்தில் உளவுக்கென்று ஓர் அலுவலகம் இயங்கியது. வெளியே சொல்லும் பெயர் "புள்ளிவிவரப் பிரிவு". உள்ளே நடந்ததோ வேவு! ஜெர்மன் தூதரகத்தில் குப்பை அள்ளும் பெண்ணொருத்தி, கிழித்தெறிந்த காகிதங்களைச் சேர்த்துக் கொடுப்பாள். இங்கே துண்டோடு துண்டு ஒட்டிப் படிப்பார்கள்.

1894-இல் அப்படி ஒரு கடிதம் வந்தது. இராணுவ இரகசியங்களைத் தருவதாகப் பட்டியல், கையொப்பம் இல்லை. துரோகி யார்? தேடினார்கள். டிரைபஸ் மீது விழுந்தது பார்வை. கையெழுத்து ஓரளவு ஒத்திருந்ததாம். அதைவிட அவர்களுக்கு வசதியாக, அவர் யூதர்! பிறப்பே பாதிச் சாட்சியாகிவிட்டது.

மூடிய கதவுக்குள் இராணுவ நீதிமன்றம். போதிய சான்று இல்லை. என்ன செய்தார்கள்? உளவுப் பிரிவு திரட்டிய இரகசியக் கோப்பு ஒன்று, போர் அமைச்சர் மெர்சியேயின் ஆணைப்படி நீதிபதிகள் கைக்குப் போயிற்று. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரியாது, அவர் வழக்கறிஞருக்குத் தெரியாது. ஆயுள் தண்டனை! தென் அமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள டெவில்ஸ் தீவு!

பிக்காரும் அன்று அதை நம்பினார். கைதான நாளில் டிரைபசை அறைக்கு அழைத்துச் சென்றவரே அவர்தான். யூதர் மீது படையில் பலருக்கிருந்த வெறுப்பு அவருக்கும் இருந்தது. 1895 ஜூலையில் உளவுப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது.

1896 மார்ச்சில் குப்பைக்கூடையிலிருந்து இன்னொரு கிழிந்த கடிதம். எஸ்டர்ஹேசி என்ற பிரெஞ்சு அதிகாரியின் முகவரிக்கு எழுதி, அனுப்பாமல் கிழித்தது. எஸ்டர்ஹேசியின் கையெழுத்தை வரவழைத்துப் பார்த்தார் பிக்கார். திடுக்கிட்டார்! 1894-இல் கிடைத்த கடிதத்தின் அதே எழுத்து! இரகசியக் கோப்பைத் திறந்தார். டிரைபசுக்கு எதிராக அதில் உருப்படியாக எதுவுமே இல்லை.

மேலதிகாரிகளிடம் ஓடினார். அவர்கள் மகிழ்ந்தார்களா? வாயை மூடு என்பதே அவர்கள் அறிவுரை. இரகசியத்தோடு சாக மறுத்தவரைப் பாரிசிலிருந்து அகற்றி, டுனீசியாவுக்கு அனுப்பினார்கள். பெட்டியின் சாவி ஹென்றி என்ற துணை அதிகாரியின் கைக்கு வந்தது. அவன் ஏற்கெனவே என்ன செய்திருந்தான்? இத்தாலியத் தூதரக அதிகாரி எழுதியதுபோல ஒரு கடிதம் புனைந்து கோப்பில் செருகியிருந்தான்!

1898 ஜனவரியில் எஸ்டர்ஹேசிக்கு விடுதலை. உண்மை சொன்ன பிக்காருக்குச் சிறை, பதவி நீக்கம். இரண்டாம் முறை அடைத்தபோது ஏறத்தாழ 11 மாதம்! குற்றம்? இரகசியத்தை வழக்கறிஞரிடம் சொன்னாராம்.

அந்த ஜூலையில் போர் அமைச்சர் கவைன்யாக், ஹென்றியின் கடிதத்தை நாடாளுமன்றத்திலேயே படித்தார். உறுப்பினர்கள் ஆர்ப்பரித்தார்கள். ஊர்தோறும் சுவரில் ஒட்டத் தீர்மானம் போட்டார்கள். மூலத்தை ஆராய்ந்து பார்த்தார்களா? இல்லை! இரகசியம் என்றார்கள், சட்டமன்றமே கைகட்டி நின்றது. ஆகஸ்டில் ஓர் அதிகாரி அந்தக் காகிதத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். ஒட்டுப்போட்ட துண்டுகளின் கோடுகள் நிறம் மாறித் தெரிந்தன. நாட்டையே ஏய்த்த பொய், ஒரு விளக்கின் முன் நிற்கவில்லை! ஹென்றி ஒப்புக்கொண்டான், சிறையில் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான்.

அடுத்த ஆண்டு, எதிரி ஒற்றரைப் பிடிக்கும் வேலையை இராணுவத்திடமிருந்து பிடுங்கி, உள்துறையின் போலீசிடம் தந்தார்கள். 1906 ஜூலை 12-இல் உச்ச நீதிமன்றம் டிரைபஸ் குற்றமற்றவர் என்றது. பிக்கார் ஜெனரலானார், அக்டோபரில் போர் அமைச்சரே ஆனார்! ஆனால், இழந்த ஆண்டுகளைக் கணக்கிட்டு உரிய பதவி தருமாறு டிரைபஸ் கேட்டபோது, அதே பிக்கார் செய்து தரவில்லை. மனம் நொந்து 1907-இல் படையைவிட்டு விலகினார் டிரைபஸ். 1914-இல் குதிரையிலிருந்து விழுந்து பிக்கார் மாண்டார். டிரைபஸ் மறைந்தது 1935-இல். பிரெஞ்சு நாடாளுமன்றம் அவருக்குரிய உயர்வைச் சட்டமாக்கியது 2025-இல்!

இதுதான் தோழர்களே பாடம்! நல்லவர் ஒருவர் நாற்காலியில் வந்து அமர்வார், நீதி கிடைக்கும் என்று ஒரு நாடு காத்திருக்க முடியாது. பிக்கார் போனார், ஹென்றி வந்தான், பெட்டி அதேதான்! பிக்காரே அமைச்சரானார், அப்போதும் பாக்கி தீரவில்லை. உளவு வேண்டும். அதன் மீது சட்டத்தின் கண்ணும் வேண்டும். நீதிபதிக்குக் காட்டும் தாளைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் காட்டவேண்டும். அமைச்சர் படிக்கும் கடிதத்தின் மூலத்தை நாடாளுமன்றம் கேட்கவேண்டும். ஏடுகளுக்கு வாய் வேண்டும்.

எதிரிக்குத் தெரியாமல் இருக்கட்டும் இரகசியம். நீதிக்குத் தெரியாமல் இருக்கவேண்டாம்!