டிரம்பெட் மேதை சிக் சாக்லேட்

பிழைப்புக்காக அன்றைய பம்பாய்க்கு வந்தவர்கள் தமிழர் மட்டும் அல்லர். கோவாவிலிருந்தும் இளைஞர் பலர் வந்தனர். தோபி தலாவில் தத்தம் ஊர்ப் பெயரால் நடத்தப்பட்ட கிளப்புகளில் தங்கினர். அவர்களுள் பலருடைய மூலதனம் இசை. அம்மண்ணிலிருந்து வந்து, இந்நகரையே ஆட்டுவித்தவர் சிக் சாக்லேட். இயற்பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ்.

1916இல் கோவாவின் ஆல்தோனா என்னும் ஊரில் பிறந்தார். அன்னை அவரைச் செல்லமாகச் சிக்கோ என்றழைத்தார். சிறுவன் என்பது அதன் பொருள். மகன் மெக்கானிக் ஆகி நிலையான வருவாய் ஈட்ட வேண்டும் என்பது அன்னையின் விருப்பம். மகனின் உள்ளமோ டிரம்பெட்டை நாடிற்று. நம் வீடுகளுக்கும் இப்போராட்டம் புதிதன்று!

அக்காலக் கோவாவில், மாதா கோவில்களை ஒட்டிய பள்ளிகளில் சிறுவர்க்கு இசை கற்பித்தனர். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் தொடங்கிய வழக்கம் அது. மெஸ்திரி எனப்பட்ட ஆசான், வந்தவுடன் வாத்தியத்தைக் கையில் தரமாட்டார். சுரக் குறிகளைப் பார்த்துப் பாட வேண்டும்; கையால் தாளம் போட வேண்டும். நம் பிள்ளைகள் சரளி வரிசை பாடுவது போன்றதே இதுவும். வாத்தியம் பிறகுதான்.

இம்முறையில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருக்கிறது. டிரம்பெட்டில் பொத்தான்கள் மூன்றே. முதலாவது சுருதியை ஒரு முழுச் சுரம் தாழ்த்தும். இரண்டாவது அரைச் சுரம். மூன்றாவது ஒன்றரைச் சுரம். ஆனால், ஒரே பொத்தானை அழுத்தியபடி பல சுரங்களை எழுப்பலாம். எது பிறக்கும் என்பதை உதட்டின் இறுக்கமும் மூச்சின் விசையுமே முடிவு செய்கின்றன. ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுரம் தானே வரும். டிரம்பெட்டிலோ, மனம் முன்னரே கேளாத சுரம் குழலில் சரியாகப் பிறவாது.

ஆதலால், தொடக்க மாணவன் முதலில் பாடிப் பழக வேண்டும். அடுத்து, குழலின் வாய்ப்பகுதியை மட்டும் உதட்டில் வைத்து அதிரச் செய்ய வேண்டும். அதன் பின்னரே ஒரு சுரத்தை நீட்டி ஊதலாம். உதடு களைத்தால் உடனே ஓய்வு தேவை. வலிந்து அழுத்துவது தீங்கு. உலகப் புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்கே உதட்டுப் புண்ணால் நெடுங்காலம் துன்புற்றார்.

அந்த ஆம்ஸ்ட்ராங்கைத்தான் சிக் தம் இலட்சியமாகக் கொண்டார். ஸ்பாட்லைட்ஸ் என்னும் குழுவில் தொடங்கினார். 1945க்குள் 11 பேர் கொண்ட சொந்தக் குழுவை அமைத்து, கிரீன்ஸ் ஓட்டலில் வாசிக்கும் வாய்ப்பைப் போட்டியில் வென்றார். பின்னர் தாஜ்மகால் ஓட்டலிலும் அவர் குழல் ஒலித்தது. இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என்று நகரம் அவரைக் கொண்டாடிற்று.

திரையுலகமும் அழைத்தது. இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக்காட்டுவார். அதைக் குறிகளாக எழுதி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டுமல்லவா? கோவாக் கலைஞர்கள் அப்பணியைச் செய்தனர். 1958இல் வெளிவந்த வஞ்சிக்கோட்டை வாலிபன் படத்துக்கு இசையமைத்த சி. ராம்சந்திரா, இந்திப் படங்களில் சிக்கைத் துணையாகக் கொண்டார். 1951இல் வெளிவந்த அல்பேலா படத்தில் சிக்கும் அவர் குழுவினரும் திரையிலேயே தோன்றினர். அந்தப் பேறு எல்லோர்க்கும் கிட்டவில்லை. பல கலைஞர்களின் பெயர்கள் படத் தலைப்பிலும் இடம்பெறவில்லை. 1967 மே மாதம் சிக் மறைந்தார்.

டோம்பிவிலித் தெருக்களில் திருமண ஊர்வலம் செல்லும்போது டிரம்பெட் ஒலி கேட்டு நம் பிள்ளைகள் வாயிலுக்கு ஓடுகின்றனர். அந்த ஆர்வத்தை வாயிலோடு நிறுத்திவிடுவது முறையா? முன்பற்கள் விழுந்து முளைத்த எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் இதைக் கற்கலாம். பாடவோ நமக்குத் தெரியும். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், நல்ல ஆசான் ஒருவர், இரண்டொரு பழைய வாத்தியங்கள் போதும். நம் மன்றம் இதனை எண்ணிப் பார்க்கட்டும்.