ஊட்டி செயின்ட் ஸ்டீபன் சர்ச்: யார் இந்த ஸ்டீபன்? ஓவியங்களில் தலையில் கல்லோடு நிற்பது ஏன்?

ஊட்டிக்கு டூர் போனவர்களில் பலர் செயின்ட் ஸ்டீபன் சர்ச் முன்னாடி நின்று ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பார்கள். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் பெரிய பெரிய மர உத்தரங்கள் தெரியும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்பு சுல்தானின் லால் மஹால் அரண்மனையைப் பிரித்து, யானைகளை வைத்து மலையேற்றிக் கொண்டுவந்த மரங்கள் அவை. இந்தக் கதை கைடுகளுக்கு அத்துப்படி. ஆனால், அந்த ஸ்டீபன் யாருன்னு கேட்டால் பலருக்கும் தெரியாது.

இந்த தேவாலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டியவர் அப்போதைய மெட்ராஸ் கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். அவர் பெயரிலும் ஸ்டீபன் இருக்கிறது. ஆனால் செயின்ட் ஸ்டீபன் அவர் இல்லை. அவருக்கு ஏறத்தாழ 1,800 வருஷத்துக்கு முன்னாடி ஜெருசலேமில் வாழ்ந்தவர்.

யார் இந்த ஸ்டீபன்?

தமிழ் பைபிளில் இவர் பெயர் ஸ்தேவான். கத்தோலிக்கர்கள் முடியப்பர் என்றும் சொல்வார்கள். ஸ்டெஃபனோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு கிரீடம், அதாவது முடி என்று பொருள். அதில் இருந்து வந்ததுதான் முடியப்பர். உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது முடியப்பன் என்று பெயர் இருந்தால், அதுவும் இவர் பெயராக இருக்கலாம்.

இவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தகவல், பைபிளின் அப்போஸ்தலர் பணிகள் நூலில் உள்ள இரண்டு அதிகாரங்கள்தான். பிறந்த ஊர், பெற்றோர், வயது எதுவும் அதில் இல்லை. ஸ்தேவான் ஒரு யூதர் என்பதும், இயேசுவைப் பின்பற்றியவர் என்பதும் மட்டும் தெளிவு.

பிரச்னை தொடங்கியது சாப்பாட்டில்

ஜெருசலேமில் இயேசுவைப் பின்பற்றிய முதல் குழுவில் இரண்டு தரப்பு இருந்தது. ஒன்று, உள்ளூர் அரமேயிக் மொழி பேசியவர்கள். இன்னொன்று, கிரேக்கம் பேசிய யூதர்கள். இரண்டு தரப்புமே யூதர்கள்தான், மொழிதான் வேறு. தினமும் நடந்த உணவுப் பங்கீட்டில் கிரேக்கம் பேசும் விதவைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று புகார் கிளம்பியது.

இதைச் சரிசெய்ய ஏழு பேரைத் தேர்வு செய்தார்கள். ஏழு பேருக்குமே கிரேக்கப் பெயர்கள். பட்டியலில் முதல் பெயர் ஸ்தேவான். ஏழை விதவைகளுக்கு ஒழுங்காகச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அவருக்கு அந்தப் பொறுப்பே கிடைத்தது.

ஏன் கொன்றார்கள்?

ஸ்தேவான் பேச்சிலும் கெட்டிக்காரர். தொழுகைக் கூடங்களில் அவரோடு வாதாடித் தோற்றவர்கள், மோசேயையும் ஜெருசலேம் ஆலயத்தையும் பழித்தார் என்று அவர் மீது குற்றம் சாட்டினார்கள். விசாரணை மன்றத்தில் அவர் இறங்கிவரவில்லை. தங்கள் முன்னோர் வரலாற்றை நீளமாகச் சொல்லி, கடைசியில் கேட்டவர்களையே குற்றம் சாட்டினார். ஆத்திரமடைந்த கூட்டம் அவரை நகருக்கு வெளியே இழுத்துப் போய்க் கல்லெறிந்து கொன்றது. இது நடந்தது கி.பி. 30-களில்.

கல்லெறிந்தவர்கள் கழற்றி வைத்த மேலாடைகள் ஓர் இளைஞனின் காலடியில் கிடந்தன. அந்த இளைஞன் பெயர் சவுல். பிற்காலத்தில் கிறிஸ்தவத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுல் இவர்தான்.

சாகும் நேரத்தில் ஸ்தேவான் தன்னைக் கொல்பவர்களைச் சபிக்கவில்லை. இந்தப் பாவத்தை அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டு உயிரை விட்டார். கிறிஸ்தவத்தின் முதல் ரத்தசாட்சி என்று அவரைச் சொல்வது இதனால்தான்.

எலும்புகள் கிடைத்த பிறகு நடந்தது என்ன?

அதன்பிறகு பல நூறு வருஷம் ஸ்தேவானுக்குப் பெரிய வழிபாடு எதுவும் இல்லை. 415-ல் லூசியன் என்ற பாதிரியார், கனவில் வந்த தகவலை வைத்து ஸ்தேவானின் கல்லறையைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நிலைமை தலைகீழானது. எலும்புத் துண்டுகள் மத்தியதரைக் கடல் முழுக்கப் பயணம் போயின. வட ஆப்பிரிக்காவில் தன்னுடைய ஹிப்போ நகரில் மட்டும், இரண்டே வருஷத்தில் கிட்டத்தட்ட 70 அற்புதங்கள் எழுத்தில் பதிவானதாக புனித அகஸ்டின் எழுதியிருக்கிறார்.

ஆனால் இந்தக் கதையில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 418-ல் ஸ்பெயினை ஒட்டிய மினோர்கா தீவுக்கு இந்த எலும்புகள் வந்து சேர்ந்தபோது, அதுவரை யூதர்களோடு சகஜமாகப் பழகிய கிறிஸ்தவர்கள் அவர்களுக்கு எதிராகத் திரும்பினார்கள். யூதர்களின் தொழுகைக் கூடம் எரிந்தது. எட்டு நாட்களில் 540 யூதர்கள் மதம் மாறியதாகத் தீவின் ஆயர் செவெருஸ் தன் கடிதத்தில் பெருமையோடு எழுதினார். கொன்றவர்களையே மன்னித்த ஒரு யூதரின் எலும்பு, யூதர்களை மிரட்டப் பயன்பட்டது.

தலையில் ஏன் கல்?

இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எந்தப் புனிதர் யார் என்று கண்டுபிடிக்க ஓவியர்கள் ஓர் அடையாளம் வைப்பார்கள். ஸ்தேவானுக்கு அது கல். தாடி இல்லாத இளைஞன், திருத்தொண்டர் அங்கி, தலையிலோ தோளிலோ கல் இருந்தால், அவர்தான்.

14-ம் நூற்றாண்டில் ஜியோட்டோ வரைந்த ஸ்தேவான் இத்தாலியின் புளோரன்ஸில் இருக்கிறார். 1476-ல் கார்லோ கிரிவெல்லி வரைந்த ஸ்தேவான் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறார். இரண்டிலும் முகம் அமைதியாக இருக்கும், கல் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பைபிளில் இல்லாத கதைகளும் சேர்ந்தன. பிறந்த குழந்தையைப் பேய் மாற்றி வைத்துவிட்டுத் தூக்கிப் போனதாம், ஒரு பெண்மான் பால் கொடுத்துக் காப்பாற்றியதாம். பிராட்டோ நகரக் கதீட்ரல் சுவரில் பிலிப்போ லிப்பி இந்தக் குழந்தைத் திருட்டை வரைந்திருக்கிறார். ஸ்வீடனிலோ அவர் ஏரோது மன்னனின் குதிரைக்காரர் ஆகிவிட்டார். சம்பவத்துக்குச் சம்பந்தமே இல்லாத கதைகள்தான், ஆனால் மக்கள் அவரைத் தங்கள் வீட்டு ஆள் மாதிரி நினைத்தார்கள் என்பது புரிகிறது.

மறுபடியும் ஊட்டிக்கு

ஊட்டி தேவாலயம் 1830 நவம்பர் 5 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. 1831 ஈஸ்டரில் வழிபாடு தொடங்கியது. மேலே இருப்பது போரில் தோற்ற ஒரு மன்னரின் வீட்டு மரம். கட்டியது ஜெயித்த ஆட்சி. பெயரோ, கையில் ஆயுதமே எடுக்காமல் செத்துப்போன ஒருவருடையது.

ஸ்தேவானின் நினைவு நாள் டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அந்த சீசனில் ஊட்டி போனால், செல்ஃபி எடுத்த கையோடு ஒரு நிமிஷம் இவரையும் நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டு வரிசையில் யாரும் விடுபடக்கூடாது என்று பார்த்துக்கொள்ள வந்த மனிதர் அவர்.