மீனா குமாரி: 38 வயதில் உயிரைப் பறித்த லிவர் சிரோசிஸ்... தானாக வளரும் கல்லீரல் ஏன் கைவிட்டது?

1972-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் தேதி 'பாகீஸா' ரிலீஸ் ஆனது. சரியாக 8 வாரத்தில், மார்ச் 31-ம் தேதி, அதன் நாயகி மீனா குமாரி உயிரிழந்தார். வயது 38 தான். காரணம் லிவர் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். வெட்டி எடுத்தாலும் திரும்ப வளரும் என்று பெயரெடுத்த உறுப்பு, அவர் விஷயத்தில் மட்டும் ஏன் வளரவில்லை?

யார் இந்த மீனா குமாரி?

1933-ல் பம்பாயில் பிறந்தவர். இயற்பெயர் மஹ்ஜபீன் பானு. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் குடும்பத்துக்காக கேமரா முன் நின்றார்.

நம்ம ஊர் கதைகளுக்கும் அவருக்கும் நல்ல ராசி. 'மலைக்கள்ளன்' இந்தியில் 'ஆசாத்' ஆனபோது அவர்தான் ஹீரோயின். 'களத்தூர் கண்ணம்மா'வில் சாவித்திரி செய்த வேடத்தையும், 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் தேவிகா செய்த வேடத்தையும் இந்தியில் செய்தவர் அவரே. இரண்டாவது படத்தை அங்கேயும் ஸ்ரீதரே இயக்கினார்.

1962-ல் வந்த 'சாஹிப் பீபி அவுர் குலாம்' படத்தில், கணவனுக்காகக் குடிக்கத் தொடங்கி அதிலேயே மூழ்கிப்போகும் ஜமீன் வீட்டு மருமகளாக நடித்து ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார்.

நிஜத்தில் என்ன நடந்தது?

தூக்கம் வராமல் தவித்தவருக்கு, மருத்துவர் ஒருவரே கொஞ்சம் பிராந்தி குடிக்கச் சொன்னதாகக் கூறப்படுகிறது. 1964-ல் கணவர் கமால் அம்ரோஹியைப் பிரிந்தார். குடி கூடிக்கொண்டே போனது. 1968-ல் சிரோசிஸ் இருப்பது தெரிந்தது. லண்டன் போய் சிகிச்சை எடுத்தார்.

கல்லீரல் எப்படி வளர்கிறது?

ஆரோக்கியமான கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தாலும், மிச்சமிருக்கும் செல்கள் பிரிந்து பெருகி சில மாதங்களில் இழந்த அளவை ஈடுகட்டிவிடும். ஆனால் மது, ஹெபடைடிஸ் வைரஸ், கொழுப்பு என வருஷக்கணக்கில் அடி விழுந்தால் அந்த செல்கள் களைத்துவிடும்.

அப்போதுதான் பித்தநாளங்களின் நுனியில் இருக்கும் முன்னோடி செல்கள் விழித்துக்கொள்கின்றன. கல்லீரல் செல்லாகவும், பித்தநாள செல்லாகவும் மாறக்கூடிய ரிசர்வ் படை இது. மனித உடலில் இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு.

சிக்கல் என்னவென்றால், அடி நிற்காதவரை இந்தப் படையால் உருப்படியாக எதையும் கட்ட முடியாது. இவை பெருகும் இடத்தில் தழும்பும் கூடவே வளர்கிறது. கல்லீரல் முடிச்சு முடிச்சாக இறுகி, ரத்த ஓட்டம் தடைபடுகிறது. சில நேரம் புற்றுநோய்க்கும் வழி திறக்கிறது.

திரும்பி வந்தார், ஆனால்...

சிகிச்சைக்குப் பிறகு ஓரளவு தேறிய மீனா குமாரி, பாதியில் நின்றுபோன 'பாகீஸா' படப்பிடிப்புக்கு 1969-ல் திரும்பினார். அவரால் ஆட முடியாத இடத்தில் பத்மா கன்னா முகத்தை மறைத்து ஆடிக்கொடுத்தார். படம் முடிந்தது, உடல் தாங்கவில்லை.

கல்லீரல் மாற்று சிகிச்சை அன்று இந்தியாவில் இல்லை. இங்கே முதல் வெற்றி 1998-ல் டெல்லியில் கிடைத்தது. பிழைத்தது நம்ம காஞ்சிபுரத்துக் குழந்தை. தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அப்பா. கொடுத்தவருக்கும் வளரும், வாங்கியவருக்கும் வளரும் என்பதால்தான் இது சாத்தியம்.

நமக்கு என்ன பாடம்?

சிரோசிஸ் ஆரம்பத்தில் வலிக்காது. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கும்போது பாதி தூரம் போயிருக்கும். குடிப்பவர்கள், சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ளவர்கள் கல்லீரல் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது. ஹெபடைடிஸ் பி-க்கு தடுப்பூசி இருக்கிறது. கூனிமேடு, மரக்காணம் பக்கம் இருப்பவர்களுக்கு புதுச்சேரி ஜிப்மரும், விழுப்புரம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரம்தான்.

அடியை நிறுத்தினால் கல்லீரல் மீளப் பார்க்கும். ஆனால் அதற்கும் ஒரு கெடு உண்டு.