பதிலாளாக வந்த சவேரியார்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று வழியெல்லாம் வயல்களுக்கு நீர் வார்த்து, நெல்லையை ஒரு கரையிலும் பாளையை மறு கரையிலும் வைத்துக்கொண்டு ஓடி வரும் நம் தாமிரபரணி, கடைசியில் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறாள். அந்த முகத்துவாரத்தை ஒட்டிய மணற்பாங்கான கடற்கரைக்கு 1542ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு ஐரோப்பியத் துறவி கால்நடையாக வந்தார். வயது முப்பத்தாறு. தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அவரே புனித பிரான்சிஸ் சவேரியார். பாளையங்கோட்டையில் நம் மறைமாவட்டப் பேராலயம் அவர் பெயரால் விளங்குகிறது. 1923இல் தொடங்கிய கல்லூரியும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் வீடுகளில் சவேரியார், சவேரியம்மாள் என்று பெயர் இல்லாத குடும்பம் ஏது?

ஆனால் தோழியரே, இவர் நம் நாட்டுக்கு வரவேண்டியவரே அல்லர். வேறொருவர் நோயில் விழுந்ததால், அவருக்குப் பதிலாளாக அனுப்பப்பட்டவர்.

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், நவார் நாட்டில் சவேர் கோட்டையில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். போரில் தோற்ற குடும்பம் என்பதால், அவர் பத்து வயதுப் பாலகனாயிருக்கும்போது கோட்டை மதில்களை எதிரிகள் இடித்தார்கள். இழந்த பெருமையைப் படிப்பால் மீட்க வேண்டும் என்று 1525இல் பாரிஸ் சென்றார். விளையாட்டில் கெட்டிக்காரர், பேச்சில் வல்லவர், அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைக் கற்பிக்கும் ஆசிரியராகவும் உயர்ந்தார். 1529இல் அவருடைய அறையில் தங்க ஒரு வயதான மாணவர் வந்து சேர்ந்தார். அவர் ஒரு காலை இழுத்து நடப்பார், ஏழை, தம்மைவிட இளையவர்களோடு பாடம் படிப்பவர். அவரைச் சவேரியாருக்குப் பிடிக்கவில்லை. அந்த நொண்டி மாணவர்தான் இஞ்ஞாசியார். அவர் மனத்தை மாற்ற இஞ்ஞாசியாருக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. 1534ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், மொன்மார்த்தர் குன்றில் வார்த்தைப்பாடு கொடுத்த ஏழு பேரில் சவேரியாரும் ஒருவர்.

போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் ஜான் இந்தியாவுக்குக் குருக்கள் வேண்டுமென்று கேட்டபோது, இஞ்ஞாசியாரிடம் இருந்ததே பத்துப் பேர். அவர்களில் இருவரைத் தர இசைந்தார். ஒருவர் சீமோன் ரொட்ரீகஸ், மற்றவர் நிக்கொலாஸ் பொபதில்லா. சவேரியார் உரோமையில் கடிதங்கள் எழுதும் செயலராக இருந்தார். 1540ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொபதில்லா உரோமைக்கு வந்து சேர்ந்தபோது நோயாளியாக இருந்தார். அரசரின் தூதரோ மறுநாளே லிஸ்பனுக்குப் புறப்படுகிறார். காத்திருக்க நேரமில்லை. இஞ்ஞாசியாரும் அப்போது படுக்கையில் இருந்தார். அவர் சவேரியாரை அழைத்து நிலைமையைச் சொன்னார். சவேரியார் அங்கேயே, அப்போதே இசைந்தார். கிழிந்த ஆடைகள் இரண்டைத் தைத்து எடுத்துக்கொண்டு மறுநாள் கிளம்பிவிட்டார். இஞ்ஞாசியாரைப் பிறகு அவர் நேரில் காணவே இல்லை.

நம்மில் பலர் வெள்ளிக்கிழமை தொடங்கிச் செபித்து, சனிக்கிழமை ஒரு அடையாளம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் தெளிவாகவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள். சவேரியாருக்குக் கிடைத்த அடையாளம் என்ன? ஒருவருக்குக் காய்ச்சல். அவ்வளவுதான்! வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை.

தம்முடைய முப்பத்தைந்தாம் பிறந்த நாளன்று, 1541 ஏப்ரல் 7இல், லிஸ்பனில் கப்பலேறினார். ரொட்ரீகஸை மன்னர் தம் நாட்டிலேயே நிறுத்திக்கொண்டார். கப்பலில் நோயாளிகளின் துணிகளைத் துவைத்தும், அவர்களுக்குப் பணிவிடை செய்தும், மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்கியும், பதின்மூன்று மாதம் கழித்து 1542 மே 6இல் கோவா வந்தார். அவர் நம் கரைக்கு வந்த கதையை இனிச் சொல்கிறேன்.

முத்துக்குளித்துறையில் வாழ்ந்த பரதவ மக்கள் அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. கோவாவில் படித்த தமிழ் மாணவர் மூவரை அழைத்துக்கொண்டு சவேரியார் தூத்துக்குடியை நோக்கி நடந்தார். வழியில் ஓர் ஊர். அது கொம்புத்துறை என்று மரபு சொல்கிறது. அவ்வூரார் கிறிஸ்தவர்கள் அல்லர். தங்கள் தலைவரின் அனுமதியின்றி மதம் மாற இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தோடு அங்கே வேலை முடிந்தது. தூத்துக்குடியில் கிறிஸ்தவர்கள் காத்திருக்கிறார்கள். நடையைக் கட்டியிருக்கலாம்.

அப்போதுதான் அவ்வூரில் ஒரு பெண் மூன்று நாளாகப் பிரசவ வேதனையில் கிடக்கிறாள் என்பது தெரியவந்தது. பிழைப்பாள் என்ற நம்பிக்கையை எல்லோரும் விட்டுவிட்டார்கள். சவேரியார் அந்த வீட்டுக்குள் போனார். தாம் அந்நிய மண்ணில் நிற்பதையே மறந்துவிட்டதாகவும், பூமி முழுவதும் ஆண்டவருடையது என்றே அப்போது நினைத்ததாகவும், அந்த அக்டோபர் 28இல் இஞ்ஞாசியாருக்குத் தூத்துக்குடியிலிருந்து எழுதினார். விசுவாசப் பிரமாணத்தை அவர் சொல்லச் சொல்ல, உடன் வந்த தமிழ்த் தோழர் அப்பெண்ணுக்கு விளக்கினார். அவள் நம்பினாள், திருமுழுக்குப் பெற்றாள், உடனே பிள்ளை பிறந்தது. பிறகு கணவன், மக்கள், பிறந்த சிசு எல்லோருக்கும் திருமுழுக்கு. அதைப் பார்த்த ஊர்ப் பெரியவர்கள், வரி வசூலிக்க வந்திருந்த அதிகாரியின் அனுமதியையும் பெற்றுத் தாங்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நம் அம்மாமாரும் பாட்டிமாரும் இந்த இடத்தை வாசிக்கும்போது பெருமூச்சு விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் வேதனை என்றால் என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும். பெரிய பெரிய திட்டங்களோடு கடல் கடந்து வந்த ஒரு பேராசிரியருக்கு, தமிழ்நாட்டில் முதல் கதவைத் திறந்தவள் பெயர்கூட எழுதப்படாத ஒரு மீனவப் பெண்.

தமிழ் அவருக்கு எளிதில் வரவில்லை. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர் சிறுமியரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்தன. கடவுளை விசுவசிக்கிறேன் என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்திருந்தது. 1544இல் அதைக் கண்டுகொண்டு, தம்மோடு உழைத்த பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதித் திருத்தச் சொன்னார். அதே கடிதத்தில், கிறிஸ்து வலுக்கட்டாயத்தால் பாடுபட்டதாகப் பொருள்படும் சொல்லையும் நீக்கச் சொன்னார். அவர் தம் சித்தத்தாலேயே பாடுபட்டார் என்பது காரணம். எனக்கு இந்தக் கடிதம் மிகவும் பிடிக்கும். ‘வேணும்’ என்பதற்கும் ‘விசுவசிக்கிறேன்’ என்பதற்கும் உள்ள தூரத்தை நம் தமிழ் இலக்கண வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

நோயாளிகள் எல்லா வீட்டிலிருந்தும் அழைத்தார்கள். ஒரே ஆள் எத்தனை வீட்டுக்குப் போவது? செபம் தெரிந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிச் செபம் சொன்னார்கள். உபதேசியார்களுக்குச் சம்பளம் வேண்டுமே? முத்துக்குளித்துறை வரிப்பணத்தில் 4,000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரீனாளின் மிதியடிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டு வந்தது. அதைக் கேட்டு வாங்கி உபதேசியார்களுக்குக் கொடுத்தார். அரசி காலணியை விட்டுக்கொடுத்தாள், நம் கடற்கரைப் பிள்ளைகள் செபம் கற்றார்கள்.

1544 ஜூன் மாதம் வடுகர் படை தாக்கியதால் குமரிமுனைக் கிறிஸ்தவர்கள் கடலிலுள்ள பாறைகளில் ஏறி ஒளிந்து, பசியிலும் தாகத்திலும் மடிந்துகொண்டிருந்தார்கள். சவேரியார் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றி மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. எட்டு நாள் போராடியும் முடியாமல் மணப்பாட்டுக்கே திரும்பினார். கடல் வழி அடைந்துபோனது இறைவன் சித்தம் என்று சொல்லி அவர் மணப்பாட்டிலேயே உட்கார்ந்துவிடவில்லை. தரை வழியாக நடந்தே குமரிக்குப் போய்ச் சேர்ந்தார். காற்று எதிர்த்தால் ‘போகாதே’ என்று பொருளா, ‘நடந்து போ’ என்று பொருளா? இது நம் ஞானோபதேச வகுப்பில் நெடுநேரம் விவாதித்த கேள்வி. சிஸ்டர் கடைசிவரை விடை சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அவர் மனம் அலைபாய்ந்தது. இங்கேயே இருப்பதா, கீழ்த்திசைத் தீவுகளுக்குப் போவதா? இம்முறை அவர் அவசரப்படவில்லை. 1545இல் மயிலாப்பூருக்குப் போய்ப் புனித தோமையாரின் கல்லறையருகே நான்கு மாதம் தங்கிச் செபித்தார். பெரும் ஆறுதலோடு தெளிவும் கிடைத்தது. மலாக்கா போனார். போக நினைத்த மக்காசாருக்கு வேறொரு குரு முன்பே போய்விட்டதாகக் கேட்டு அம்போனாத் தீவுக்குத் திரும்பினார். 1547 டிசம்பரில் மலாக்கா கோவிலில் திருமணம் ஒன்றை நடத்திவைத்துக்கொண்டிருந்தபோது, அஞ்சிரோ என்ற ஜப்பானியர் அவரைத் தேடி வந்தார். 1549 ஆகஸ்ட் 15இல் சவேரியார் ஜப்பானில் நின்றார்!

மான்சிலாஸ் கதை வேறு. மொலுக்கஸ் தீவுகளுக்கு வரும்படி சவேரியார் அவருக்குக் கட்டளையிட்டார். அவர் போகவில்லை. அதனால் சபையிலிருந்து விலக்கப்பட்டார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மொழி பிடிபட்டு, முகங்கள் பழகி, ஊர் தன் ஊராகிவிட்ட பிறகு எழுந்து போ என்றால் எவருக்குத்தான் கஷ்டமாயிராது? பத்தாம் வகுப்பு முடிந்து இந்தப் பள்ளியை விட்டுப் போகப்போகும் எங்களுக்கு அது நன்றாகப் புரிகிறது.

சீன நாட்டின் வாசலில், சான்சியான் தீவில், தம்மை அக்கரை சேர்ப்பதாக ஒப்புக்கொண்ட வணிகனின் படகுக்காகச் சவேரியார் காத்திருந்தார். படகு வரவில்லை. காய்ச்சல் வந்தது. 1552 டிசம்பர் 3ஆம் நாள் அதிகாலை, நாற்பத்தாறாம் வயதில், ஒரு கீற்றுக் குடிசையில் இறந்தார். அந்தோணி என்ற சீன இளைஞர் மட்டும் அருகில் இருந்தார். 1622 மார்ச் 12இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. உடல் கோவாவில் இருக்கிறது.

காய்ச்சலால் பயணம் தடைப்பட்ட பொபதில்லா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அவர் குணமடைந்தார். ஐரோப்பாவில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். அந்த முதல் பத்துத் தோழர்களில் எல்லோருக்கும் கடைசியாக, 1590ஆம் ஆண்டு, லொரேத்தோ நகரில் இறந்தார்.