கொடைக்கானலில் வாழ்ந்த குழந்தைகளின் வைத்தியர்

வட்டவடை, டாப் ஸ்டேஷன் மேடுகளில் நின்று கிழக்கே பார்க்கும் நம்மவர்களுக்குக் கொடைக்கானல் மலை புதிதல்ல. பேரிஜம் ஏரி வழியாக மூணாறுக்கும் கொடைக்கானலுக்கும் ஒரு காலத்தில் பாதையே இருந்தது. அந்தக் கொடைக்கானலில், இரண்டாம் உலகப் போர் நடந்த நாட்களில், எழுபது வயதைத் தாண்டிய இத்தாலிய மூதாட்டி ஒருவர் சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து இலையையும் பூவையும் ஆராய்ந்து கொண்டிருந்தார். உலகம் முழுவதும் பெயர் பெற்ற டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையாரே அவர்.

அம்மையார் 1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். பெண்கள் வைத்தியப் படிப்பை நினைத்தும் பாராத காலம் அது. எதிர்ப்பையெல்லாம் தாண்டி ரோம் சர்வகலாசாலையில் சேர்ந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிரேதங்களை அறுத்துப் பார்ப்பது முறையல்ல என்று சொல்லி, மற்றவர்கள் போன பிறகு தனியாக அந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். அதையும் சகித்துக்கொண்டு 1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு சர்வகலாசாலையின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணி கிடைத்தது. அதன் பொருட்டு ரோமிலிருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வந்தார். அங்கே புத்தி வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு வெற்று அறையில் இருந்த பிள்ளைகள், சாப்பாடு முடிந்ததும் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கினார்கள். காவல்காரி அதைப் பேராசை என்று அருவருத்தாள். அம்மையாருக்கு வேறொன்று புலப்பட்டது. அந்த அறையில் கையால் தொட, உருட்ட, புரட்டிப் பார்க்க வேறு பொருளே இல்லை. வயிற்றுப் பசி அல்ல அது. கையின் பசி, மனத்தின் பசி.

அவருடைய சிகிச்சை முறை அங்கே பிறந்தது. இத்தார், செகுவேன் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்களின் நூல்களைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் படித்தார். மருந்தை விடப் பயிற்சியே இப்பிள்ளைகளுக்கு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1900-ல் ரோமில் தொடங்கிய ஒரு பள்ளியில் அதைச் செய்தும் காட்டினார். ஒன்றுக்கும் உதவாது என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதிய பரீட்சையையே எழுதித் தேறினார்கள். ஊர் அவரைப் பாராட்டியது. அவரோ, நல்ல புத்தியுள்ள பிள்ளைகளை இந்த அளவிலேயே நிறுத்தி வைத்திருக்கும் பள்ளிக்கூடங்களை நினைத்துக் கவலைப்பட்டார். மறுபடியும் மாணவியாகச் சேர்ந்து தத்துவமும் உளவியலும் கற்றார்.

1907 ஜனவரி 6-ல் ரோம் நகரின் ஏழைப் பகுதியான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லம் திறந்தது. கூலிக்குப் போகும் தாய் தந்தையரின் பிள்ளைகள் ஐம்பது பேர் சேர்ந்தனர். ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றவர்களைப் பாடச் சொன்னார்கள். அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். அவள் கவனம் கலையவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, தூங்கி எழுந்தவள் போலத் தெளிந்த முகத்தோடு நிமிர்ந்தாள். மனம் ஒன்றிச் செய்யும் வேலையே குழந்தையின் முரட்டுத்தனத்துக்கும் பயத்துக்கும் மருந்து என்று அம்மையார் கண்டுகொண்டார். அங்கே அடியும் இல்லை, பரிசும் இல்லை.

குடும்பத்தையும் அவர் விட்டுவிடவில்லை. ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். தாய்மார் வாரம் ஒரு முறையாவது அவரோடு உட்கார்ந்து பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும் என்பது விதி. வீடு ஒரு பக்கமும் பள்ளி ஒரு பக்கமும் இழுத்தால் பிள்ளை தேறாது என்பது அவர் கருத்து.

பிறர் பிள்ளைகளுக்காக உழைத்த இவருக்குச் சொந்த வாழ்வில் பெரிய துயரம் இருந்தது. 1898-ல் மணமாகாத நிலையில் ஒரு மகன் பிறந்தான். ஊர்ப் பழிக்கு அஞ்சி அவனை வேறொரு குடும்பத்தில் வளர்க்க நேர்ந்தது. பதினைந்து வயதளவில்தான் மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன் பிறகு தாயின் வலது கையாக விளங்கினார். ஆயினும் வெகுகாலம் வளர்ப்பு மகன் என்றே வெளியாருக்குச் சொல்லப்பட்டார்.

முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் அம்மையார் 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1939-ல் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியரின் அழைப்பின்பேரில் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு மகனோடு வந்தார். ஏறக்குறைய முந்நூறு பேர் பயிற்சிக்குச் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதங்களில் திரும்புவதாகத் திட்டம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் எல்லாம் மாறியது. எதிரி நாட்டவர் என்று மரியோவை முகாமில் அடைத்தார்கள். அம்மையாரை அடையாறு வளாகத்தை விட்டுப் போகக்கூடாதென்றார்கள். முதுமையில் மறுபடியும் மகனைப் பிரிந்தார். ஆனால் அவ்வாண்டு ஆகஸ்ட் 31-ல், தாயின் எழுபதாவது பிறந்த நாளன்று, மரியோவை விடுதலை செய்தது அரசாங்கம். அதைவிடப் பெரிய பரிசு அவருக்கு வேறென்ன இருக்க முடியும்?

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன துணையோடு அங்கே நடந்த சிறு பள்ளியில் பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படித்தனர். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விண்மீன் முதல் புல்பூண்டு வரை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்துச் சொல்ல வேண்டும் என்ற முறையை இந்த மலையில்தான் அவர் விரிவாக வகுத்தார்.

இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். 1946-ல் ஐரோப்பா சென்று, மறு ஆண்டே திரும்பி வந்து 1949 வரை பணி செய்தார். 1952 மே 6-ல், 81 வயதில், ஹாலந்து நாட்டின் நோர்ட்விக் என்ற கடலோர ஊரில் மகன் அருகிருக்கக் காலமானார்.

மூணாறு லயத்திலோ, கொழிஞ்சாம்பாறை களத்துமேட்டிலோ ஒரு பிள்ளை முரண்டு பிடித்தால் நம் கை முதலில் பிரம்பைத்தான் தேடுகிறது. அந்தப் பிள்ளையின் கை எதைத் தேடுகிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதே அம்மையார் காட்டிய வைத்தியம். அதற்குச் செலவு ஏதுமில்லை, பொறுமைதான் வேண்டும்.