ஞான சந்திர கோஷ்

சர் ஞான சந்திர கோஷ் (செப்டம்பர் 1894 – சனவரி 21, 1959) இந்திய வேதியியல் அறிஞரும் கல்வியாளரும் ஆவார். வலிமைமிகு மின்பகுளிகள் பற்றி 1918இல் இவர் வெளியிட்ட கொள்கை இளம் வயதிலேயே இவருக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. பின்னாளில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் ஆகிய வளிமங்களிலிருந்து நீர்ம எரிபொருளை உருவாக்கும் வினையூக்கிகளை ஆராய்ந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார். கரியமில வாயுவை எரிபொருளாக மாற்ற இன்று நடைபெறும் ஆய்வுகளுக்கு இந்தியாவில் முன்னோடியாக அமைந்த பணிகளுள் இவருடைய வினையூக்கி ஆய்வுகளும் அடங்கும்.

இளமையும் கல்வியும்

கோஷ் வங்காளத்தைச் சேர்ந்த குடும்பத்தில் புருலியாவில் பிறந்தார். சிறுவயதை, நிலக்கரிக்கும் மைக்காவுக்கும் பெயர்பெற்ற கிரிடீ என்னும் ஊரில் கழித்தார். பள்ளிப் படிப்பை முடித்தபின் கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்து, ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராயிடம் வேதியியல் பயின்றார். தாய்நாட்டு மூலப்பொருள்களைக் கொண்டு தொழில்களைத் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் ராய். வங்காள வேதிப்பொருள் தொழிற்சாலையை நிறுவியவரும் அவரே. ஆசிரியரின் இந்த நோக்கு மாணவரின் பிற்காலப் பணிகளில் தெளிவாக வெளிப்பட்டது.

கோஷ் படித்த வகுப்பு இந்திய அறிவியல் வரலாற்றில் தனியிடம் பெற்றது. இயற்பியலில் பின்னர்ப் புகழ்பெற்ற சத்தியேந்திர நாத் போஸ், மேகநாத் சாகா, வேதியியலில் ஞானேந்திர நாத் முகர்ஜி ஆகியோர் இவருடன் பயின்றவர்கள். 1915இல் முதுகலைத் தேர்வில் கோஷ் வேதியியலில் முதலிடம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சர் அசுதோஷ் முகர்ஜி தொடங்கிய அறிவியல் கல்லூரியில் இந்த இளைஞர்கள் அனைவரும் விரிவுரையாளர்களாக நியமிக்கப்பட்டனர்.

மின்பகுளிக் கொள்கை

சமையல் உப்பு போன்ற வலிமைமிகு மின்பகுளிகளின் கரைசல்கள், அக்காலத்தில் ஏற்கப்பட்டிருந்த அரீனியசின் கொள்கைக்கு உட்படாமல் இருந்தன. கரைசலில் ஒரு பகுதி மூலக்கூறுகள் மட்டுமே அயனிகளாகப் பிரிகின்றன என்பது அரீனியசின் கருத்து. வலிமைமிகு மின்பகுளிகள் முழுமையாகவே பிரிகின்றன என்று கோஷ் கொண்டார். படிகத்தில் இருப்பது போலவே கரைசலிலும் அயனிகள் ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன என்றும், அவற்றுக்கிடையேயான மின்கவர்ச்சியை வெல்லும் ஆற்றல் பெற்ற அயனிகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன என்றும் விளக்கினார். இலண்டன் வேதியியல் கழகத்தின் இதழில் 1918இல் இக்கட்டுரைகள் வெளியாயின. அப்போது இவருக்கு வயது இருபத்து நான்குகூட நிறைந்திருக்கவில்லை.

இக்கொள்கை ஐரோப்பிய அறிவியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது. எனினும் 1923இல் பீட்டர் டிபையும் எரிக் ஹூக்கெலும் வெளியிட்ட கொள்கை இதன் இடத்தைப் பிடித்தது. கரைசலில் அயனிகள் படிகத்தைப் போல் நிலையாக அமர்ந்திருப்பதில்லை என்றும், ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் சராசரியாக மிகுந்து ஒரு சூழலை உருவாக்குகின்றன என்றும் அவர்கள் காட்டினர். முழுமையான பிரிகை, அயனிகளுக்கிடையேயான மின்விசை ஆகிய கருத்துகள் நிலைத்தன. ஆனால் கோஷ் பெற்ற சமன்பாடு பாடநூல்களிலிருந்து மறைந்தது.

டாக்காவில் பணி

1919இல் கோஷ் இங்கிலாந்து சென்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர் டானனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். ஒளியினால் நிகழும் வேதிவினைகளை ஆராய்ந்தார். அங்கிருந்தபோது ஞானேந்திர நாத் முகர்ஜி, சாந்தி சுவரூப் பட்நாகர் ஆகியோருடன் இணைந்து, இந்திய வேதியியலாளர்களுக்கென ஒரு கழகம் வேண்டும் என்ற எண்ணத்தை வளர்த்தார். இதன் விளைவாக 1924இல் இந்திய வேதியியல் கழகம் உருவானது. பிரபுல்ல சந்திர ராய் அதன் முதல் தலைவரானார்.

1921இல் டாக்காப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது கோஷ் அதன் வேதியியல் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் சத்தியேந்திர நாத் போசும் அங்கு இயற்பியல் துறையில் சேர்ந்தார். புதிய பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடத்தை ஏற்படுத்துவது முதல் ஆய்வு மாணவர்களை உருவாக்குவது வரை அனைத்தையும் கோஷ் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் மேற்கொண்டார். 1939இல் லாகூரில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

பெங்களூரும் போர்க்கால எரிபொருள் நெருக்கடியும்

1939இல் கோஷ் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். சர் சி. வி. இராமன் 1937இல் இப்பதவியிலிருந்து விலகி, அங்கேயே இயற்பியல் துறையின் தலைவராகத் தொடர்ந்து கொண்டிருந்தார். கோஷ் பொறுப்பேற்ற ஆண்டிலேயே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அதுவரை அடிப்படை அறிவியலையே பெரிதும் சார்ந்திருந்த கழகத்தில் பொறியியல் துறைகள் இவர் காலத்தில் வளர்ந்தன. 1942இல் வானூர்திப் பொறியியல் துறை தொடங்கப்பட்டது. உலோகவியல், உள்ளெரி பொறி ஆகிய துறைகளும் போர்க்காலத்திலும் அதனையொட்டியும் தோன்றின.

அப்போது இந்தியாவுக்குப் பெட்ரோலியம் பெரும் சிக்கலாக இருந்தது. அசாமில் டிக்பாயிலும் பஞ்சாப்பின் அட்டோக் பகுதியிலும் கிடைத்த எண்ணெய் நாட்டின் தேவைக்குப் போதவில்லை. பர்மாவின் எண்ணெய் வயல்களும் 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது கைவிட்டுப் போயின. பெட்ரோல் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. சென்னை மாகாணத்திலும் பிற பகுதிகளிலும் பேருந்துகளின் பின்புறம் உலையைப் பொருத்தி, மரக்கரியை அரைகுறையாக எரித்து, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு வண்டியை ஓட்டினர். இந்தக் கரிவாயுவில் எரியும் பகுதி பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகும். பேருந்துப் பொறிக்குள் எரித்துத் தீர்க்கப்பட்ட இதே இரண்டு வளிமங்களிலிருந்து தகுந்த வினையூக்கியின் உதவியால் பெட்ரோலையும் டீசலையும் பெற முடியும். இதுவே கோஷ் எடுத்துக்கொண்ட ஆய்வுப் பொருள்.

வினையூக்கி ஆய்வுகள்

செருமனியின் மூல்ஹைம் நகரில் பிரான்சு பிஷர், ஹான்சு டிராப்ஷ் ஆகிய இருவரும் 1925இல் இம்முறையைக் கண்டறிந்தனர். நிலக்கரியை நீராவியுடன் வினைபுரியச் செய்து பெறும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் கலவையை, சூடான கோபால்ட்டு அல்லது இரும்பு வினையூக்கியின் மீது செலுத்தினால், கார்பன் அணுக்கள் சங்கிலியாக இணைந்து ஹைட்ரோகார்பன்கள் உருவாகின்றன. இது பிஷர்-டிராப்ஷ் வினை எனப்படுகிறது. செருமனியில் 1936 முதல் இம்முறையில் தொழிற்சாலைகள் இயங்கின. அங்கு பயன்பட்ட வினையூக்கியில் 100 பங்கு கோபால்ட்டுக்கு 5 பங்கு தோரியம் ஆக்சைடு, 8 பங்கு மக்னீசியம் ஆக்சைடு, 200 பங்கு கீசல்கூர் என்னும் நுண்துளை மண் சேர்க்கப்பட்டன. வினை ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் நடைபெறும்.

இவ்வினையில் உலோகத்தின் தேர்வு முக்கியமானது. நிக்கலைப் பயன்படுத்தினால் சங்கிலி நீளாமல் பெரும்பாலும் மீத்தேன் வாயுவே கிடைக்கும். கோபால்ட்டு நீண்ட சங்கிலிகளைத் தரும். வினையில் மிகுந்த வெப்பம் வெளிப்படுவதால், அதனை உடனுக்குடன் அகற்றாவிடில் கோபால்ட்டும் மீத்தேனையே மிகுதியாகத் தரும். வளிமக் கலவையில் சிறிதளவு கந்தகச் சேர்மம் இருந்தாலும் வினையூக்கி செயலிழந்துவிடும். சாம்பல் மிகுந்த இந்திய நிலக்கரியைக் கொண்டு இம்முறையை நடத்த வேண்டுமாயின் இவையனைத்தையும் அடிப்படையிலிருந்து அறிய வேண்டியிருந்தது.

கோஷும் எம். வி. சி. சாஸ்திரி முதலிய உடனாய்வாளர்களும் 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் இவ்வினையூக்கிகளை ஆராய்ந்தனர். வளிமங்கள் வினையூக்கியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்ச்சி எனப்படும். எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஹைட்ரஜன், எவ்வளவு கார்பன் மோனாக்சைடு கோபால்ட்டுப் பரப்பில் வேதிப்பிணைப்புடன் ஒட்டுகிறது என்பதை இவர்கள் அளந்தனர். தோரியம் ஆக்சைடு போன்ற துணைப்பொருள்களைச் சேர்ப்பதால் பரப்பு எவ்வாறு மாறுகிறது என்பதையும் ஆராய்ந்தனர். வினையூக்கி ஆய்வு பெரும்பாலும் செய்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறையாகவே இருந்த காலத்தில், பரப்பில் நிகழ்வதை அளந்து அறிய முற்பட்டது இவ்வாய்வுகளின் சிறப்பாகும். இவற்றுள் ஒரு பகுதி 1952இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் தொழிற்பொறியியல் இதழில் வெளியானது.

நிறுவனப் பணிகள்

போருக்குப் பிந்தைய தொழில்நுட்பக் கல்வியைத் திட்டமிட நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையில் அமைந்த குழுவில் கோஷ் உறுப்பினராக இருந்தார். நாட்டின் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்குப் பகுதிகளில் ஒவ்வொரு உயர்தொழில்நுட்பக் கழகம் நிறுவ அக்குழு பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின் கோஷ் பெங்களூரை விட்டு நீங்கி, மைய அரசின் தொழில், வழங்கல் துறையின் தலைமை இயக்குநராகப் பணியாற்றினார்.

கிழக்குப் பகுதிக்கான கழகம் 1950இல் தொடங்கப்பட்டபோது கோஷ் அதன் முதல் இயக்குநரானார். கரக்பூருக்கு அருகில் ஹிஜ்லி என்னுமிடத்தில், ஆங்கிலேயர் காலத்தில் விடுதலைப் போராளிகளை அடைத்துவைத்த தடுப்புக்காவல் முகாமின் கட்டடத்திலேயே கழகம் இயங்கத் தொடங்கியது. 1931இல் அம்முகாமில் காவலர்கள் சுட்டதில் இரு கைதிகள் உயிரிழந்திருந்தனர். 1951 ஆகஸ்டு 18 அன்று கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கழகத்தை முறைப்படி திறந்துவைத்தார். முதல் ஆண்டில் 224 மாணவர்களும் 42 ஆசிரியர்களும் இருந்தனர்.

1954இல் கோஷ் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1955இல் திட்டக்குழுவின் உறுப்பினராகி, இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். 1959 சனவரி 21 அன்று காலமானார். சர்க்கார் குழு பரிந்துரைத்த தெற்குப் பகுதிக் கழகம், அதாவது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அதே ஆண்டு சூலையில் தொடங்கப்பட்டது.

ஆய்வின் பிற்கால நிலை

கோஷின் காலத்தில் இந்தியாவில் பிஷர்-டிராப்ஷ் முறையிலான பெரிய தொழிற்சாலை எதுவும் அமையவில்லை. மேற்காசிய எண்ணெய் மலிவாகக் கிடைத்ததும், 1953இல் நஹர்கட்டியாவிலும் 1958இல் காம்பேயிலும் எண்ணெய் கண்டறியப்பட்டதும் இதற்குக் காரணங்கள். எண்ணெய் வளமற்ற, ஆனால் நிலக்கரி மிகுந்த தென்னாப்பிரிக்கா மட்டும் 1950இல் சாசோல் நிறுவனத்தைத் தொடங்கி, 1955 முதல் இம்முறையில் எரிபொருள் உற்பத்தி செய்தது.

எனினும் ஆய்வு மரபு அறுபடவில்லை. கோஷின் உடனாய்வாளரான சாஸ்திரி பின்னர்ச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் துறையில் பேராசிரியராகி, வினையூக்கி, ஹைட்ரஜன் ஆய்வுகளைத் தொடர்ந்தார். அக்கழகத்தில் 2006இல் தேசிய வினையூக்கி ஆராய்ச்சி மையம் அமைக்கப்பட்டது.

கரியமில வாயு ஆய்வுகளுடன் தொடர்பு

கோஷின் காலத்தில் நிலக்கரியிலிருந்து எண்ணெய் பெறுவதே நோக்கமாக இருந்தது. எரிப்பதால் வெளியேறும் கரியமில வாயுவைப் பற்றி அன்று எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இன்று அவ்வாயுவே மூலப்பொருளாகக் கருதப்படுகிறது. கரியமில வாயு மிகவும் நிலையான சேர்மம். ஆகவே அதனை ஹைட்ரஜனுடன் சேர்த்து முதலில் கார்பன் மோனாக்சைடாக மாற்றி, பின்னர் பிஷர்-டிராப்ஷ் வினைக்கு உட்படுத்துவது ஒரு வழியாகும். தாமிரம், துத்தநாக ஆக்சைடு கலந்த வினையூக்கியின் மீது நேரடியாக மெத்தனால் ஆக்குவது மற்றொரு வழி. இரண்டிலும் உலோகப் பரப்பில் எந்த வளிமம் எவ்வளவு உறுதியாக ஒட்டுகிறது என்ற கோஷின் பழைய வினாவே மையமாக உள்ளது. பெங்களூரில் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் உள்ளிட்ட நிறுவனங்கள் இத்துறையில் ஈடுபட்டுள்ளன. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைக் கொண்டு மெத்தனால் ஆக்கும் ஆலை அமைக்கப்பட்டது.

ஆனால் இதற்கு வேண்டிய ஹைட்ரஜனை நிலக்கரியிலிருந்தோ இயற்கை வளிமத்திலிருந்தோ எடுத்தால் பயனில்லை. அப்போது நீக்கப்படும் கரியமில வாயுவுக்கு ஈடாகப் புதிதாக அவ்வாயு வெளியேறும். சூரிய ஒளி, காற்று ஆகியவற்றின் மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெறும் ஹைட்ரஜனே பொருத்தமானது. அதன் விலையே இம்முறையின் முதன்மைத் தடையாகும்.

தமிழ்நாட்டிலும் இச்சிக்கலின் இரு பக்கங்களையும் அருகருகே காணலாம். சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டு, வல்லூர் ஆகிய இடங்களில் நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையங்கள் உள்ளன. அவற்றுக்கும் வடக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிக் கோட்டைக்குப்பம் முதலிய மீனவர் குப்பங்கள், கடல்மட்டத்தைவிடச் சிறிதே உயர்ந்த நிலத்தில் அமைந்துள்ளன. புவி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்வதால் முதலில் பாதிப்புக்குள்ளாகக் கூடியவை இத்தகைய ஊர்களே. எரிபொருள் பற்றாக்குறையைத் தீர்க்கத் தொடங்கிய வினையூக்கி ஆய்வு, எரிபொருளை மிகுதியாக எரித்ததன் விளைவைக் குறைக்கும் முயற்சியாக இன்று தொடர்கிறது.

சிறப்புகள்

கோஷுக்கு 1943இல் ஆங்கில அரசு சர் பட்டம் வழங்கியது. 1954இல் இந்திய அரசின் பத்ம பூசண் விருது வழங்கப்பட்டது. அவ்விருது தொடங்கப்பட்ட முதல் ஆண்டிலேயே அதனைப் பெற்றவர்களுள் இவரும் ஒருவராவார்.